சர்வே தரவை மென்பொருள் விட்டு மென்பொருள் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை வடிவமைப்பு அலுவலகத்தில் சர்வேயருக்கும் டிசைனருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு பக்கமிருந்தும் தொலைபேசி வரும். "நான் அனுப்பியது சரியாகத்தான் இருக்கிறது" என்பார் ஒருவர். "எனக்கு வந்தது சரியில்லை" என்பார் மற்றவர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இறக்குமதிப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மென்பொருள் கையேடு சொல்லும். அதை அழுத்திய பிறகு வரும் தொல்லைகளுக்குத்தான் இந்தப் பக்கம். உதாரணங்கள் தமிழ்நாட்டுச் சாலைப் பணிகளை ஒட்டியவை.

எல்லாமே சர்வேதானே, ஒரே ஃபைலாக அனுப்பினால் ஆகாதா?

ஆகாது. சர்வே என்ற ஒரே பெயரில் நான்கு விதமான சரக்கு புழங்குகிறது. கருவி பதிவு செய்த கோணமும் தூரமும் முதல் வகை. அவற்றிலிருந்து கணக்கிட்ட புள்ளிகள் இரண்டாவது. புள்ளிகளை இணைத்து உருவாக்கிய கோடுகளும் தரைப்பரப்பும் மூன்றாவது. அந்தத் தரையின்மேல் போட்ட அலைன்மென்ட் (மையக்கோட்டின் பாதை), புரொஃபைல் (அதன் ஏற்ற இறக்கம்) போன்ற வடிவமைப்பு நான்காவது. ஒன்றைச் சுமப்பதற்கென்று வந்த கோப்பு வடிவம் இன்னொன்றைப் பாதி வழியில் கொட்டிவிடும்.

எந்த வடிவத்தில் அனுப்பினாலும் கூடவே ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும். எந்த டேட்டம் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமி மாதிரி), எந்த யூடிஎம் மண்டலம் (உலகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறையில் எந்தப் பட்டை), உயரம் எதிலிருந்து, அலகு என்ன, தூரம் கிரிட்டா (படத்தில் வருவது) தரையா (நிலத்தில் அளந்தது), கன்ட்ரோல் புள்ளிகள் (மதிப்பு உறுதியாகத் தெரிந்த ஆதாரப் புள்ளிகள்) எவை, அவற்றின் மதிப்பு என்ன, அளந்த தேதி எது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கீழே பல பதில்களில் "குறிப்புத் தாள்" என்று வருவது இதைத்தான். கோப்பைத் திறக்க முடியாமல் நின்ற வேலைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தத் தாள் இல்லாமல் திரும்பச் செய்த வேலைகள் ஏராளம்.

வெறும் புள்ளிகள்தான் கொடுக்க வேண்டும். சிஎஸ்வி போதுமா?

தாராளமாகப் போதும். காற்புள்ளி இட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புதான் அது. எல்லா மென்பொருளும் படிக்கும், இருபது வருடம் கழித்தும் படிக்கும். சிக்கல் ஒன்றுதான்: எந்தப் பத்தி எது என்று கோப்பு தானாகச் சொல்லாது. சிவில் 3டி என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் புள்ளி எண், நார்த்திங் (வடக்கு நோக்கிய தூரம்), ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய தூரம்), உயரம், விவரம் என்ற வரிசையில் வைப்பார்கள். சில கருவிகளும் வேறு சில மென்பொருள்களும் ஈஸ்டிங்கை முன்னால் வைக்கும். மாற்றிப் படித்தால் ஊரே கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கன்னியாகுமரியில் நார்த்திங் ஏறத்தாழ 8,93,000 மீட்டர். வடக்கே போகப் போகக் கூடும். ஈஸ்டிங் எந்த மண்டலத்திலும் இங்கே 8,35,000-ஐத் தாண்டாது. ஆகவே முழு யூடிஎம் மதிப்பாக இருந்தால், இரண்டில் பெரிய எண்தான் நார்த்திங். "101, 1147203.418, 825416.902, 268.115, சாலை விளிம்பு" என்ற வரியைப் பார்த்த உடனே வரிசையைச் சொல்லிவிடலாம். முன் இலக்கங்களை வெட்டி, 47203 என்று சுருக்கிய புள்ளிகளுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே தலைப்பு வரி எழுதியே ஆக வேண்டும்.

சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டு மூடினேன், அவ்வளவுதான். அதற்குள் என்ன ஆகிவிடும்?

சேமிக்காமல் மூடியிருந்தால் ஒன்றும் ஆகாது. "சேமிக்கவா?" என்று கேட்டதற்கு "சரி" சொல்லியிருந்தால் பல காரியங்கள் நடந்திருக்கும். 0012 என்ற புள்ளி 12 ஆகியிருக்கும். 3-4 என்று பெயரிட்ட புள்ளி ஒரு தேதியாகியிருக்கும். 12E3 என்ற பெயர் பன்னிரண்டாயிரமாக மாறியிருக்கும். எக்செல் சிஎஸ்வியில் எழுதுவது திரையில் தெரியும் மதிப்பைத்தான். பத்தியை இரண்டு தசம இடத்துக்கு அமைத்திருந்தால் மில்லிமீட்டர் போயே போய்விட்டது, திரும்பாது.

பார்க்க வேண்டும் என்றால் நோட்பேடில் பாருங்கள். திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக எல்லாப் பத்திகளையும் உரை வகையாகக் கொண்டுவந்து திருத்துங்கள்.

டிடபிள்யூஜி கொடுத்துவிட்டேனே, அதிலேயே எல்லாம் இருக்கிறதே?

டிடபிள்யூஜி என்பது ஆட்டோகேட் வரைபடக் கோப்பு. கண்ணுக்கு எல்லாம் இருக்கும். ஒரு புள்ளியின் பக்கத்தில் 268.12 என்று எழுதியிருக்கும். அது எழுத்து. சுட்டிப் பார்த்தால் புள்ளியின் உயரம் பூஜ்ஜியம் என்று வரும். டிசைனரின் மென்பொருள் தரைப்பரப்பு அமைக்கத் தேடுவது உயர மதிப்பை, பக்கத்தில் எழுதிய எழுத்தை அது கண்டுகொள்ளாது. எழுத்திலிருந்து உயரத்தைப் பிடுங்கும் சிறு நிரல்கள் இருக்கின்றன. ஆனால் எழுத்து செருகப்பட்ட இடமும் அளந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. படம் நெருக்கமாகத் தெரிகிறதே என்று வரைபவர் எழுத்தை நகர்த்தி வைத்திருப்பார்.

இன்னொன்று, சிவில் 3டியில் உருவான சர்ஃபேஸும் (தரைப்பரப்பு) அலைன்மென்ட்டும் சாதாரண ஆட்டோகேட் பொருள்கள் இல்லை. வேறு மென்பொருளில் திறந்தால் ப்ராக்ஸி என்ற வெறும் நிழல்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. ஆட்டோகேட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கட்டளை கோடாகவும் முக்கோணமாகவும் உடைத்துத் தரும். பார்ப்பதற்கு அது போதும், மேற்கொண்டு வடிவமைக்கப் போதாது. 1982-இல் ஆட்டோகேட்டுடன் வந்த டிஎக்ஸ்எஃப் வடிவத்துக்கும் இதே எல்லைதான். அது வரைபடத்தை மாற்றிக்கொள்ள வந்தது.

அப்படியானால் லேண்ட்எக்ஸ்எம்எல்தான் பதிலா?

பெருமளவுக்கு ஆம். புள்ளி, சர்ஃபேஸ், அலைன்மென்ட், புரொஃபைல், குறுக்குவெட்டு, குழாய் வலை ஆகியவற்றை எழுத்துக் கோப்பாக எழுதிவைக்கும் பொது வடிவம் இது. 1.2 பதிப்பு 2008-இல் வந்தது. இன்றும் பெரும்பாலோர் புழங்குவது அதைத்தான். சிவில் 3டி, ஓப்பன்ரோட்ஸ், டிரிம்பிள் பிசினஸ் சென்டர், 12டி மாடல், கார்ல்சன், லைக்கா இன்ஃபினிட்டி எல்லாம் இதைப் படிக்கும், எழுதும்.

எழுத்துக் கோப்பு என்பதால் சந்தேகம் வந்தால் நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். மேலேயே அலகு என்ன, எந்த மென்பொருள் எழுதியது என்று இருக்கும். புள்ளிகள் நார்த்திங், ஈஸ்டிங், உயரம் என்ற வரிசையில், இடையில் வெற்றிடம் விட்டு இருக்கும். முதலில் ஈஸ்டிங் வருவதைப் பார்த்தால், எழுதிய மென்பொருளோ யாரோ எழுதிய நிரலோ விதியை மீறியிருக்கிறது என்று பொருள். பெரிய எண் எது என்ற முந்தைய சோதனை இங்கேயும் கைகொடுக்கும்.

லேண்ட்எக்ஸ்எம்எல்லில் அனுப்பியும் பாதிதான் வந்தது. எது வரும், எது வராது?

வடிவியல் வரும், வடிவமைத்தவரின் எண்ணம் வராது. நேர்க்கோடு, வட்ட வளைவு, மாறு வளைவு (நேர்க்கோட்டிலிருந்து வட்ட வளைவுக்கு மெல்ல மாறும் பகுதி), செங்குத்து வளைவு எல்லாம் வந்து சேரும். காரிடார், அதாவது அலைன்மென்ட் நெடுகக் குறுக்குவெட்டை ஓட்டி உருவாக்கும் முப்பரிமாணச் சாலை மாதிரி, வராது. அதற்குப் பின்னாலிருக்கும் அசெம்ப்ளி, டெம்ப்ளேட், எந்த விளிம்பு எந்த இலக்கைத் துரத்துகிறது என்ற விதிகள் அந்தந்த மென்பொருளின் சொந்தச் சொத்து. வண்ணம், எழுத்துரு, லேபிள் பாணி வராது. குழாய் வலையில் நீளமும் சரிவும் வரும், பெறுபவரின் உதிரிபாகப் பட்டியலில் அந்தக் குழாய் இல்லையென்றால் ஏதோ ஒரு குழாய் வந்து உட்காரும்.

மாறு வளைவைத் தனியாகக் கவனியுங்கள். நம் சாலைகளில் ஸ்பைரல், இந்திய ரயில்வேயில் க்யூபிக் பாரபோலா. லேண்ட்எக்ஸ்எம்எல்லில் வளைவின் வகையை எழுத இடம் இருக்கிறது. எல்லா மென்பொருளும் எல்லா வகையையும் மதிப்பதில்லை என்பதுதான் தொல்லை. ரயில் பாதையைக் கடக்கும் மேம்பாலப் பணியில் பாதையின் அலைன்மென்ட் வாங்கினால், வளைவின் தொடக்கம், நடு, முடிவு மூன்றின் ஆயத்தொலைவுகளையும் தாளில் வாங்கி ஒப்பிடுங்கள். டிஎக்ஸ்எஃப் வழியாக வந்தால் ஸ்பைரலே இருக்காது, குட்டிக் குட்டி நேர்க்கோடுகள்தான் இருக்கும்.

செயினேஜில், அதாவது சாலையின் தொடக்கத்திலிருந்து எண்ணும் தூரத்தில், இடைவெட்டு இருந்தால் அதையும் சரிபாருங்கள். புறவழிச்சாலை போட்ட பிறகு பழைய கிலோமீட்டர் கற்களை மாற்றாமல் செயினேஜ் சமன்பாடு வைத்துச் சமாளித்திருப்பார்கள். சில மென்பொருள்கள் அதை வாசிக்காமல் முதலிலிருந்து தொடர்ந்து எண்ணிக்கொண்டே போய்விடும். வளைவெல்லாம் சரியாக இருக்கும், சிறுபாலங்கள் அத்தனையும் தவறான செயினேஜில் நிற்கும்.

பெறுபவர் திறந்தால் வேலை முழுவதும் வேறு மாவட்டத்தில் போய் விழுகிறது. ஏன்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பிறவித் தொல்லை. யூடிஎம் மண்டலங்கள் 43, 44 இரண்டின் எல்லையான கிழக்கு 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தின் நடுவில் போகிறது. கோயம்புத்தூர், திருநெல்வேலி 43-இல். சென்னை, திருச்சி, மதுரை 44-இல். திண்டுக்கல் நகரம் எல்லையை ஒட்டி 43-இல் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலை மண்டலம் மாறுகிறது.

திண்டுக்கல் பக்கம் ஒரு புள்ளியின் ஈஸ்டிங் 43-ஆம் மண்டலத்தில் 8,25,000 என்றால் 44-இல் ஏறத்தாழ 1,68,000. நார்த்திங் மட்டும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், 78 டிகிரிக் கோட்டின்மேல் சரியாக ஒன்றாகவே இருக்கும். ஆகவே நார்த்திங் ஒத்துப்போகிறது, ஈஸ்டிங் மட்டும் ஆறேழு லட்சம் தள்ளியிருக்கிறது என்றால் வேறெதையும் தேட வேண்டாம், மண்டலம் மாறியிருக்கிறது. ஒரு சாலைக்கு ஒரே மண்டலம் என்று முதல் நாளே முடிவெடுத்து, எல்லை தாண்டினாலும் அதையே தொடர்வதுதான் வழக்கம். குறிப்புத் தாளில் ஈபிஎஸ்ஜி எண்ணை (ஆயத்தொலைவு முறைகளுக்கான பொது அடையாள எண்) எழுதுங்கள்: ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84-க்கு 32643 அல்லது 32644. "யூடிஎம்" என்று மட்டும் எழுதுவது முகவரியில் ஊர் பெயரை விட்டுவிட்டு "தமிழ்நாடு" என்று எழுதும் காரியம்.

இடம் சரி. ஆனால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கிறது.

அங்கே டேட்டம் வேறு. பழைய டோபோ ஷீட்டுகளும் அவற்றிலிருந்து எடுத்த கன்ட்ரோல் மதிப்புகளும் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி மாதிரியை வைத்தவை. 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் வாரிசு அது. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு இந்திய நில அளவைத் துறையின் பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாறின. இரண்டையும் மாற்றாமல் ஒன்றாகப் போட்டால் நம் பகுதியில் கிழக்கு-மேற்காகவே நூறு மீட்டருக்கு மேல் நகரும்.

எவரெஸ்டிலும் பல வகை உண்டு, மென்பொருளின் பட்டியலில் நாலைந்து பெயர் வரும். ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாற்றுவதைவிட, இரண்டு முறையிலும் மதிப்பு தெரிந்த ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து அதில் சரிபார்ப்பது நல்லது.

டோட்டல் ஸ்டேஷனில் அளந்தால் 1000 மீட்டர், ட்ராயிங்கில் 1000.89. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரி. யூடிஎம் என்பது வளைந்த நிலத்தைத் தட்டையாக விரித்த படம். மண்டலத்தின் நடுக்கோட்டில் அளவுக் காரணி 0.9996. அங்கே ஒரு கிலோமீட்டர் படத்தில் 40 சென்டிமீட்டர் குறையும். நடுக்கோட்டிலிருந்து விலக விலகக் கூடும். சென்னையில் கிலோமீட்டருக்கு 32 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு. மண்டல எல்லையிலிருக்கும் திண்டுக்கல்லில் உயரத்தையும் கணக்கில் எடுத்தால் 90 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதல். செயற்கைக்கோள் வழி அளக்கும் டிஜிபிஎஸ் கொடுப்பது கிரிட் தூரம், நேரில் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் தானாகக் கொடுப்பது தரைத் தூரம். ஒரே கோப்பில் இரண்டும் கலந்தால் டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி அளந்துபோகும் தொடர்) மூடவில்லை என்று கருவியைக் குறை சொல்வார்கள்.

தீர்வு இரண்டு. கருவியிலேயே அளவுக் காரணியைப் போட்டு எல்லாவற்றையும் கிரிட்டில் வைத்துக்கொள்ளலாம். அல்லது வேலைக்கென்று ஒரு தரைத் தளம் அமைக்கலாம். இரண்டாவதைச் செய்தால் எந்தப் புள்ளியை மையமாக வைத்து, எந்தக் காரணியால் பெருக்கினீர்கள் என்பது குறிப்புத் தாளில் இருக்க வேண்டும். மையப் புள்ளி சொல்லாமல் பூஜ்ஜியத்திலிருந்து பெருக்கினால், திண்டுக்கல்லின் 11 லட்சத்துச் சொச்ச நார்த்திங் ஒரு கிலோமீட்டர் நகர்ந்துவிடும். தரைத் தளத்து மதிப்புகளின் முன் இலக்கங்களை வெட்டிவிடுவதும் நல்ல பழக்கம். யாரும் அவற்றை யூடிஎம் என்று நினைத்து ஏமாற மாட்டார்கள்.

லெவல் எல்லாம் மைனஸில் வருகிறது. கடற்கரையில் அளந்தால் மைனஸ் 80-க்குக் கீழே!

கருவி கொடுத்தது நீள்வட்ட உயரம், அதாவது பூமியின் கணித மாதிரியிலிருந்து எண்ணியது. தென்னிந்தியாவில் ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பு, நீள்வட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது. உலகிலேயே மிகத் தாழ்ந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், நூறு மீட்டருக்கு மேல். நமக்கு வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். சென்னையில் மைனஸ் எண் வருவதால் உடனே தெரிந்துவிடுகிறது. திண்டுக்கல்லில் 268-க்குப் பதில் 170, 180 என்று வந்தால் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

ஈஜிஎம் 2008 போன்ற ஜியாய்டு மாதிரியைப் போட்டால் கடல்மட்டத்துக்கு அருகில் வரும். ஆனால் அது உள்ளூர் பெஞ்ச்மார்க்கோடு (உயரம் தெரிந்த நிலையான குறி) அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. சாலைக்கு, வடிகாலுக்கு, பாலத்துக்கு என்றால் ஆட்டோ லெவல் வைத்து பெஞ்ச்மார்க்கிலிருந்து ஓட்டிய மதிப்பே கடைசி வார்த்தை. குறிப்புத் தாளில் "உயரம்: இன்ன பெஞ்ச்மார்க்கிலிருந்து, லெவல் ஓட்டியது" என்ற ஒரு வரி எத்தனையோ தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

அலகு மீட்டர் என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஆயிரம் மடங்கு பெரிதாகிறது.

கட்டடக் கலைஞர்கள் மில்லிமீட்டரில் வரைவார்கள், நாம் மீட்டரில். வரைபடத்துக்குள் செருகும் அலகு என்ற அமைப்பு ஒளிந்திருக்கிறது. அது பொருந்தாவிட்டால் ஆட்டோகேட் தானே பெரிதாக்கும், தானே சிறிதாக்கும். ஆயிரம் மடங்கு உடனே கண்ணில் படும், அதனால் ஆபத்தில்லை.

ஆபத்து கண்ணில் படாத அலகில் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு அடி இருந்தன. சர்வதேச அடி 0.3048 மீட்டர். அமெரிக்க சர்வே அடி என்பது மீட்டரின் 3937-இல் 1200 பங்கு. வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. சர்வே அடியை 2022 முடிவோடு அங்கே ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள், மென்பொருள் டெம்ப்ளேட்டுகளில் இன்னும் இருக்கிறது. அமெரிக்க வேலைகளை இங்கிருந்து செய்துகொடுக்கும் அலுவலகங்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. அந்த டெம்ப்ளேட்டையே நம் வேலைக்கும் எடுத்து, அடியில் போய் மீட்டருக்குத் திரும்பினால், திருச்சியின் 12 லட்சம் மீட்டர் நார்த்திங் 2.4 மீட்டர் நகரும். சாலை ஒரு லேன் பக்கம் போய்விடும், படத்தில் எல்லாம் அழகாகவே இருக்கும்.

அதே புள்ளிகள், அதே எண்ணிக்கை. என் மென்பொருளில் ஒரு மண் அளவு, ஒப்பந்ததாரர் மென்பொருளில் வேறு மண் அளவு. யார் ஏமாற்றுகிறார்கள்?

அநேகமாக யாரும் இல்லை. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டின் லெவல் 100, மற்ற இரண்டு மூலைகள் 98. மென்பொருள் இதை இரண்டு முக்கோணமாக வெட்ட வேண்டும். 100-ஐயும் 100-ஐயும் இணைத்து வெட்டினால் நடுவில் ஒரு வரப்பு. 98-ஐயும் 98-ஐயும் இணைத்தால் நடுவில் ஒரு வாய்க்கால். 98-க்கு மேலே இருக்கும் மண் முதல் வகையில் 133.3 கனமீட்டர், இரண்டாவதில் 66.7. நான்கு புள்ளிகளும் அப்படியே இருக்க, மண் அளவு பாதியாகிவிட்டது.

எந்த மூலைவிட்டத்தை எடுப்பது என்று மென்பொருள் தன் கணிதத்தின்படி முடிவெடுக்கும். அதற்கு நிலத்தைத் தெரியாது. தெரிந்தவர் சர்வேயர். "இது கரை, இது கரையின் அடி" என்று அவர் போடும் பிரேக்லைன்தான் முக்கோணத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே புள்ளிகளை மட்டும் அனுப்பினால் சர்ஃபேஸை அனுப்பியதாகாது. லேண்ட்எக்ஸ்எம்எல்லில் முக்கோணங்களோடு அனுப்புங்கள், பிரேக்லைன்களையும் சேருங்கள். பெறுபவர் தன் மென்பொருள் வந்த முக்கோணங்களை அப்படியே வைத்திருக்கிறதா, புள்ளிகளை மட்டும் எடுத்துத் தானே புதிதாகப் பின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதைச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன, சொல்லாமல் செய்யும்.

பில் தொகை மண் அளவைப் பொறுத்தது என்றால், எந்த சர்ஃபேஸ் கோப்பை வைத்துக் கணக்கிடுவது என்று வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு பழைய தரையை யாராலும் அளக்க முடியாது.

சர்ஃபேஸின் ஓரங்களில் நீள நீளமான முக்கோணங்கள் வந்து குளத்தையெல்லாம் மூடுகின்றன.

எல்லைக்கோடு வரவில்லை. சில மென்பொருள்கள் ஏற்றுமதியின்போது எல்லையை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் எழுதும். பெறும் மென்பொருள் வெளிப்புறப் புள்ளிகளையெல்லாம் சுற்றி இழுத்துக் கட்டிவிடும். எல்லையைத் தனி மூடிய கோடாக டிஎக்ஸ்எஃப்பில் சேர்த்து அனுப்புவது எளிய வழி. குளம், கட்டடம் போன்ற உள்ளோட்டைகளுக்கும் அப்படியே.

கருவியிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பைக் கொடுத்தால் என்ன?

கொடுங்கள், கூடுதலாக. கோணமும் தூரமும் கருவி உயரமும் இருப்பதால், டிராவர்ஸில் பிழை வந்தால் திரும்பக் கணக்கிட அதுதான் ஆதாரம். ஆனால் வடிவங்கள் நிறுவனத்துக்கு ஒன்று. லைக்காவின் ஜிஎஸ்ஐ-8 வடிவத்தில் ஒரு மதிப்புக்கு எட்டு இலக்கம்தான். மில்லிமீட்டரில் எழுதும்போது நம் நார்த்திங் பத்து இலக்கம். இடம் போதாது, ஜிஎஸ்ஐ-16 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிஜிபிஎஸ் மூலத் தரவுக்கு இந்தத் தலைவலி குறைவு. பெர்ன் பல்கலைக்கழக வானியல் நிறுவனம் 1989-இல் உருவாக்கிய ரைனெக்ஸ் வடிவத்தை எல்லாக் கணக்கீட்டு மென்பொருளும் படிக்கும். ஆன்டெனா வகையும் அதன் உயரமும், உயரம் சாய்வா செங்குத்தா என்பதும் கோப்பில் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிராமத்தின் பெயர், உரிமையாளர் பெயர் எல்லாம் கட்டம் கட்டமாகவோ புரியாத எழுத்தாகவோ வருகிறது.

கட்டங்கள் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். ஆட்டோகேட்டின் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, யூனிகோட் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், தட்டியவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார். அதை மாற்றி நிரல் கொண்டு யூனிகோடாக்க வேண்டும்.

யூனிகோடிலேயே தட்டியும் கெட்டுப்போனால் கோப்பின் பதிப்பைப் பாருங்கள். டிஎக்ஸ்எஃப் 2007 பதிப்பிலிருந்துதான் யூடிஎஃப்-8. "எல்லோருக்கும் திறக்கட்டும்" என்று பழைய பதிப்பில் சேமித்தால் தமிழ் பலியாகும். புள்ளி விவரங்களில் ஆங்கிலச் சுருக்கக் குறியீடு வைத்து, தமிழ்ப் பெயர்களைத் தனி அட்டவணையாகப் புள்ளி எண்ணோடு இணைத்துத் தருவது என் பரிந்துரை.

எஃப்எம்பி படத்தை இந்த சர்வேயின்மேல் போட முடியுமா? நிலம் எடுப்புக்கு வேண்டும்.

போடலாம், இழுக்கக் கூடாது. எஃப்எம்பி என்ற புலப்படம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக அளந்து வரைந்தது. அதற்கு யூடிஎம் தெரியாது. கோட்டின் நீளங்களும் ஆஃப்செட்டுகளுமே அதன் உயிர். ஆகவே பிடிஎஃப்பை ஒட்டி வைத்து அதன்மேல் வரைவதைவிட, எழுதியிருக்கும் அளவுகளை வைத்துப் புதிதாக வரைவதே சரி. பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருந்தால் ஒரு லிங்க் 0.201168 மீட்டர்.

பிறகு களத்தில் சர்வே கற்களைத் தேட வேண்டும். குறைந்தது மூன்று கல்லாவது அசையாமல் கிடைத்தால், படத்தை நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றாமல் பொருத்துங்கள். மிச்சம் வரும் வித்தியாசத்தை மறைக்காமல் எழுதுங்கள். எல்லாக் கற்களிலும் பூஜ்ஜியம் வரும்படி ரப்பர்போல் இழுத்துப் பொருத்தும் வசதி மென்பொருளில் இருக்கிறது. அதைத் தொட்டால் பட்டாவிலுள்ள பரப்பு மாறும், பிறகு நில உரிமையாளருக்குப் பதில் சொல்வது நீங்கள்தான்.

லேசர் ஸ்கேன் எடுத்தோம். வேறு மென்பொருளில் திறந்தால் சுவரெல்லாம் படிப்படியாகத் தெரிகிறது.

ஸ்கேனரில் பிழை இல்லை, எண்ணைச் சேமித்த விதத்தில் பிழை. சில முப்பரிமாண வடிவங்களும் மென்பொருள்களும் ஆயத்தொலைவை 32 பிட் மிதவைப் புள்ளியாக வைக்கின்றன. அந்த முறையில் 10.5 லட்சத்துக்கும் 21 லட்சத்துக்கும் இடைப்பட்ட எண்களுக்கு மிகச் சிறிய படி 12.5 சென்டிமீட்டர். நம் நார்த்திங் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மில்லிமீட்டரில் அளந்த சுவர் 12.5 சென்டிமீட்டர் படிக்கட்டாகிவிடும்.

எல்ஏஎஸ் என்ற ஸ்கேன் கோப்பு வடிவம் ஆயத்தொலைவை முழு எண்ணாகவும், பெருக்கும் காரணி, விலக்கு ஆகியவற்றைத் தனியாகவும் வைப்பதால் தப்பிக்கும். ஈ57 வடிவத்திலும் முழுத் துல்லியத்தோடு சேமிக்க இடம் உண்டு. வேறு வழியில்லாமல் ஓபிஜே போன்ற வடிவத்துக்குப் போனால் முதலில் ஒரு முழு எண்ணைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். எவ்வளவு கழித்தீர்கள் என்பது, ஆம், குறிப்புத் தாளில்.

ஐஎஃப்சி வந்துவிட்டதே, இனி லேண்ட்எக்ஸ்எம்எல் தேவையா?

கட்டட மாதிரிகளைப் பரிமாறிக்கொள்வதற்கென்று பிறந்த பொது வடிவமான ஐஎஃப்சியின் 4.3 பதிப்பில் அலைன்மென்ட், சாலை, ரயில் பாதை, பாலம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 2024-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் வெளியாயிற்று. கட்டமைப்புப் பொறியாளருக்கும் பாலம் வடிவமைப்பவருக்கும் மாதிரி கொடுக்க அது நல்லது. களத்தில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்கு அலைன்மென்ட்டும் சர்ஃபேஸும் ஏற்றுவதற்கு இன்றைக்கும் லேண்ட்எக்ஸ்எம்எல்தான் கையடக்கம். ஒப்பந்தத்தில் "ஐஎஃப்சி" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 2x3 பதிப்பில் அலைன்மென்ட்டே கிடையாது.

வந்த கோப்பு சரிதானா என்று சீக்கிரமாகப் பார்க்க என்ன வழி?

குறிப்புத் தாளிலுள்ள கன்ட்ரோல் புள்ளிகளில் தூரதூரமான மூன்றை எடுத்து, உங்கள் மென்பொருளில் அவற்றின் மதிப்பைக் கேளுங்கள். மூன்றும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் டேட்டம் அல்லது மண்டலம். நகர்வு தூரத்தோடு கூடினால் அலகு அல்லது கிரிட்-தரைக் குழப்பம். உயரம் மட்டும் 90 மீட்டர் தள்ளியிருந்தால் மேலே சொன்ன ஜியாய்டு விவகாரம். சர்ஃபேஸுக்கு அதன் முக்கோண எண்ணிக்கை, மிகக் குறைந்த லெவல், மிக உயர்ந்த லெவல், பரப்பு ஆகிய நான்கையும் அனுப்பியவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். அலைன்மென்ட்டுக்கு மொத்த நீளமும் ஒவ்வொரு வளைவின் ஆரமும்.

கொஞ்சம் நேரம் இருந்தால் உங்கள் மென்பொருளிலிருந்து திரும்ப ஏற்றுமதி செய்து அனுப்பியவருக்கே கொடுங்கள். அவர் தன் அசலின்மேல் அதைப் போட்டுப் பார்க்கட்டும். போய்த் திரும்பியதில் காணாமல் போனது எதுவோ, அதைத்தான் நீங்கள் முதல் தடவையே இழந்திருக்கிறீர்கள்.

டிசைன் முடித்துக் களத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். அப்போதும் இதே விதிகள்தானா?

அதே விதிகள், எதிர்த் திசையில். மேலே இன்னொன்று சேரும். டிசைன் ஐந்து தடவை மாறும், கன்ட்ரோலரில் ஏற்றிய கோப்பு தானாக மாறாது. கோப்புப் பெயரிலேயே திருத்த எண்ணும் தேதியும் வையுங்கள். "இறுதி", "இறுதி-புதியது", "இறுதி-புதியது-சரி" என்ற பெயர்களில் எது கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது. புதியது போனால் பழையதைக் கருவியிலிருந்து அழிக்கச் சொல்லி, அழித்ததாக ஒரு வரி பதில் வாங்குங்கள். மையக்கோட்டில் நான்கைந்து செயினேஜுகளின் நார்த்திங், ஈஸ்டிங், டிசைன் லெவல் ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், முளை அடிக்கும் முன் கன்ட்ரோலர் காட்டும் எண்ணோடு சர்வேயர் ஒத்துப் பார்த்துக்கொள்வார்.